தொடைச் சதை கிழிந்த கபடி வீரருக்கு எந்த டப்பா உதவும்?

கேள்வி: எனக்கு 19 வயது, எடை 66 கிலோ. தேவிபட்டினம் பக்கம் கடற்கரைக் கிராமம். ஊர் அணியில் ரெய்டர். 12 நாளுக்கு முன் எதிரணி காலைப் பிடித்தபோது நடுக்கோட்டுக்குப் பாய்ந்தேன். வலது பின்தொடையில் 'டப்' என்று ஏதோ விட்டது. மறுநாள் முழங்காலுக்குப் பின்பக்கம் வரை நீலம் பாய்ந்துவிட்டது. இப்போது நடக்க முடிகிறது, ஓடினால் இழுக்கிறது. மாவட்ட அளவிலான போட்டிக்கு இன்னும் 3 வாரம்தான். ஜிம்மில் ஓர் அண்ணன் சொல்லி வே புரோட்டீன் (இது மட்டும் 3,200 ரூபாய்), பிசிஏஏ, ப்ரீ ஒர்க்கவுட், மூட்டு மாத்திரை, கவரில் போட்டுக் கொடுத்த கிரியேட்டின் என்று 7,400 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர், அவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. போட்டியன்று ஓர் ஊசி போட்டால் ஆடிவிடலாம் என்கிறார்கள். எதைத் தொடரலாம், எதை விடலாம்? என் சாப்பாடு: காலையில் டீ, பயிற்சி முடிந்து 4 இட்லி, மதியம் சோறும் இரண்டு துண்டு மீனும், சாயங்காலம் டீ, இரவு 3 தோசை.

பதில்: தம்பி, டப்பாக்களுக்கு முன்னால் காலைப் பற்றிப் பேசிவிடுவோம். சத்தம் கேட்டது, நீலம் பாய்ந்தது, 12 நாள் ஆகியும் ஓட முடியவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது வெறும் பிடிப்பு இல்லை. பிடிப்பு என்றால் சில நிமிடத்தில் சதை தளர்ந்துவிடும். உங்களுக்கு நடந்திருப்பது பின்தொடைத் தசையில் பகுதிக் கிழிவு, பெரும்பாலும் இரண்டாம் நிலைக் கிழிவாக இருக்கும். அது ஆற 4 முதல் 8 வாரம் ஆகும். போட்டி நாள் வரும்போது உங்களுக்கு 5 வாரம்கூட முழுதாக ஆகியிருக்காது. ஆடவே முடியாது என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கால் சில சோதனைகளில் தேற வேண்டும், அவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் நீங்கள் வாங்கி வைத்திருக்கும் ஐந்தில் ஒன்றுகூட அந்த 5 வாரத்தை 3 வாரமாக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

ஒரு விஷயத்தை இந்த வாரமே உறுதி செய்யுங்கள். கடினமான நாற்காலியில் உட்கார்ந்தால் பலகையில் படும் எலும்பு இருக்கிறதே, அந்த இடத்தை விரலால் அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதா? அல்லது தொடையைத் தடவும்போது நடுவில் பள்ளம் தட்டுப்படுகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் போய் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். உங்கள் வயதில் தசை ஒட்டியிருக்கும் எலும்பு முனை முழுமையாக இணையாமல் இருக்கக்கூடும். சில நேரம் சதை கிழிவதற்குப் பதிலாக அந்த முனையே பெயர்ந்து வந்துவிடும். அதற்கு வைத்தியமே வேறு. நீலம் முழங்கால் வரை இறங்கியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கசிந்த ரத்தம் கீழ்நோக்கி இறங்குவது இயல்பு, கிழிவு அவ்வளவு நீளம் என்று அர்த்தமில்லை.

யாராவது தைலம் போட்டு அழுத்தி நீவிவிடுகிறார்கள் என்றால் அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முதல் சில நாளில் அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். முன்தொடையில் முட்டி இடித்து ரத்தம் கட்டினால் இன்னும் கவனம் வேண்டும். அதைப் பலமாகக் கசக்கினால் சதைக்குள்ளேயே எலும்பு போன்ற கட்டி உருவாகி, மாதக்கணக்கில் முழங்காலை மடக்க முடியாமல் செய்துவிடும். கபடியில் முன்தொடை இடி சாதாரணம் என்பதால் உங்கள் அணியில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

இனி சாப்பாட்டுக் கணக்கு. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது கடைசி வரிதான். 4 இட்லியில் சுமார் 8 கிராம் புரதம், மதியச் சோற்றில் 14, இரண்டு துண்டு மீனில் 20, மூன்று தோசையில் 9, டீயில் இருக்கும் பாலில் 3 அல்லது 4. மொத்தம் 55 கிராம். பயிற்சி செய்யும் உடலுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் வேண்டும், காயம் ஆறும் காலத்தில் 2 கிராம் வரை போகலாம். 66 கிலோவுக்கு அது 106 முதல் 132 கிராம். நீங்கள் பாதியில் நிற்கிறீர்கள். அதைவிட முக்கியம், மொத்தச் சாப்பாடே போதவில்லை. இரண்டு வேளை பயிற்சி செய்கிற, உங்கள் வயதும் எடையும் உள்ள ஒருவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 3,000 கலோரி தேவைப்படும். அது கிடைக்காதபோது உடம்பு தின்கிற புரதத்தையும் விறகாக எரித்துவிடும். அப்போது 3,200 ரூபாய் வே பவுடர் சதைக்குப் போகாது, அடுப்புக்குத்தான் போகும்.

ஆட்டம் இல்லையே என்று காயத்தின்போது சாப்பாட்டைக் குறைக்கிறவர்கள் நிறைய. அது தவறு. அசையாத காலில் சதை வேகமாகக் கரையும். அதைத் தடுக்கப் புரதமும் வேண்டும், கலோரியும் வேண்டும். பயிற்சி குறைந்த அளவுக்கு எண்ணெய்ப் பலகாரத்தையும் இரவுப் பரோட்டாவையும் குறைத்துக்கொள்ளுங்கள், சோற்றையும் மீனையும் குறைக்காதீர்கள்.

புரதத்தை ஒரே வேளையில் கொட்டினால் பலன் குறைவு. 20 முதல் 30 கிராம் வீதம் நாலைந்து வேளையாகப் பிரித்தால் தசை கட்டும் வேலை நாள் முழுக்க நடக்கும். உங்கள் வீட்டில் கிடைப்பதை வைத்தே இப்படிச் செய்யலாம். விடியலில் பயிற்சிக்கு முன் நீராகாரம் ஒரு செம்பு, இரண்டு வாழைப்பழம். வெறும் டீயோடு மைதானத்துக்குப் போகாதீர்கள். பயிற்சி முடிந்ததும் 5 இட்லி, சாம்பார், இரண்டு முட்டை: 26 கிராம். பதினொரு மணிக்கு 50 கிராம் வேர்க்கடலை, அவித்ததோ வறுத்ததோ: 13. மதியம் 200 கிராம் அரிசிச் சோறு, முள் நீக்கி 150 கிராம் மீன்: 44. சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 250 மில்லி பால்: 18. இரவு மூன்று தோசையோடு ஒரு முட்டையும் மதிய மீனில் மிச்சமும்: 25. கூட்டினால் 126 கிராம். டப்பா திறக்காமலே கணக்கு முடிந்தது.

மீன் எது என்று யோசிக்க வேண்டாம். சாளை, சூடை, காரல், நெத்திலி, கும்புளா எல்லாமே சதையில் 100 கிராமுக்கு 20 கிராமை ஒட்டிப் புரதம் தருபவை. சீலாத் துண்டுக்கும் சாளைக்கும் புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, விலையில்தான் வித்தியாசம். சாளையில் கூடவே ஒமேகா 3 கொழுப்பும் நன்றாக இருக்கும். வாரம் மூன்று நான்கு நாள் சாளைக் குழம்பு சாப்பிடுகிற உங்களுக்கு மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் கொடுக்க நினைப்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காசுக் கணக்கையும் போட்டுவிடுவோம், அப்பாவிடம் பேச உதவும். ஒரு கிலோ பவுடரில் 33 கிராம் கரண்டியாக 30 கரண்டி வரும், கரண்டிக்கு 24 கிராம் புரதம் என்று லேபிள் சொல்வது உண்மையானால் மொத்தம் 720 கிராம். 3,200 ரூபாயை வகுத்தால் 10 கிராம் புரதத்துக்கு 44 ரூபாய். முட்டை 7 ரூபாய் என்று வைத்தால் அதே 10 கிராமுக்கு 12 ரூபாய் ஆகிறது. சாளை கிலோ 150 என்று வைத்து, தலை முள் கழிவு போக 600 கிராம் சதை என்று கணக்கிட்டால் 12 ரூபாய் 50 காசு. வேர்க்கடலை கிலோ 140 என்றால் 6 ரூபாய்க்கும் குறைவு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். அப்போது மீனுக்குப் பதில் மீல்மேக்கர் 50 கிராம் ஊறவைத்துக் குழம்பில் போடுங்கள், 26 கிராம் புரதம். நெத்திலிக் கருவாடும் நல்லதுதான், 30 கிராமில் 15 கிராமை ஒட்டிக் கிடைக்கும். உப்பு அதிகம் என்பதால் நன்றாகக் கழுவிச் சமைக்க வேண்டும், தினமும் வேண்டாம்.

இப்போது நீங்கள் வாங்கியவற்றுக்கு வருகிறேன்.

வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து எடுத்த புரதம். மருந்தும் இல்லை, விஷமும் இல்லை. வெளியூர்ப் போட்டிக்குப் போய் நல்ல சாப்பாடு கிடைக்காத நாளிலும், பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வீடு திரும்ப முடியாத நாளிலும் ஒரு கரண்டி உதவும். வாங்கிவிட்டீர்கள், வீணாக்க வேண்டாம், ஆனால் சரிபார்த்துவிட்டுக் குடியுங்கள். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியச் சந்தையிலுள்ள 36 புரதப் பவுடர்களைச் சோதித்தார்கள். அவற்றில் 25-இல் லேபிள் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் தளத்தில் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரியும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரி இந்தியாவில் இருக்க வேண்டும். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் சுரண்டப்பட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

உட்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் என்று தனியாகச் சேர்த்திருந்தால் சந்தேகப்படுங்கள். புரதத்தை அளக்கும் சாதாரணச் சோதனை நைட்ரஜனைத்தான் அளக்கிறது. இந்த மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தால் எண் ஏறும், தசைக்குப் பயன் ஏறாது. வீட்டில் ஒரு சின்னச் சோதனையும் செய்யலாம். கால் டம்ளர் தண்ணீரில் அரைக் கரண்டி பவுடரைக் கரைத்து, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து இரண்டு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவு கலந்திருக்கிறது. மாறாவிட்டால் சுத்தம் என்று முடிவு கட்ட வேண்டாம், சர்க்கரையோ, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மலிவான நிரப்புப் பொடியோ கலந்திருந்தால் இந்தச் சோதனையில் சிக்காமல் போகலாம். 'மாஸ் கெயினர்' என்று விற்பதில் பெரும்பகுதி இந்த மால்டோடெக்ஸ்ட்ரின்தான். எடை ஏற்ற வேண்டுமென்றால் சோறும் வாழைப்பழமும் கருப்பட்டியும் அதே வேலையைக் குறைந்த காசில் செய்யும்.

நம் கடற்காற்றுக்குப் பவுடர் சீக்கிரம் ஈரம் கோத்துக் கட்டியாகும். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள், சமையலறை அடுப்புப் பக்கமும் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். கலக்கிய ஷேக்கரைப் பையில் போட்டு வெயிலில் இரண்டு மணி நேரம் சுமந்து போய்க் குடிப்பது கெட்ட பாலைக் குடிப்பதற்குச் சமம். உலர்ந்த பவுடராக எடுத்துப் போங்கள், குடிக்கும்போது கலக்குங்கள்.

பிசிஏஏவை நிறுத்துங்கள். பிரிக்காத டப்பாவாக இருந்தால் இன்றே கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். தசை கட்ட 9 அத்தியாவசிய அமினோ அமிலங்கள் வேண்டும், பிசிஏஏவில் இருப்பது 3 மட்டும். மீதி ஆறு இல்லாமல் அந்த மூன்றால் எதையும் கட்ட முடியாது. அந்த மூன்றும் மீனிலும் முட்டையிலும் வே பவுடரிலும் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளன.

மூட்டு மாத்திரையையும் நிறுத்துங்கள். அதில் இருப்பது குளுக்கோசமைன். தேய்ந்த முழங்கால் உள்ள முதியவர்களுக்கே அதன் பலன் பற்றி ஆய்வுகள் ஒத்த முடிவுக்கு வரவில்லை. கிழிந்த சதைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்பதால், நண்டு சாப்பிட்டால் தடிப்பு வருகிறவர்கள் தொடக்கூடாது.

ப்ரீ ஒர்க்கவுட், அதாவது பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கப் பவுடர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் உண்மையாக வேலை செய்வது கஃபீன். கிலோவுக்கு 3 மி.கி. அளவில், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன் எடுத்தால் வேகமும் உஷாரும் கூடும் என்பது நிரூபணமானது. உங்கள் எடைக்கு அது 200 மி.கி. பல டப்பாக்களில் ஒரு கரண்டியிலேயே 200 முதல் 300 இருக்கும். பையன்கள் இரண்டு கரண்டி போடுகிறார்கள். சாயங்காலம் 5 மணிக்கு 300 மி.கி. போனால், இரவு 10 மணிக்கும் அதில் பாதி ரத்தத்தில் இருக்கும். கிழிவு ஆறத் தேவையான தூக்கத்தை அது கெடுக்கும். உங்கள் காலுக்கு இப்போது எட்டு, ஒன்பது மணி நேரத் தூக்கம்தான் வேலை செய்கிறது. முகமும் கையும் குறுகுறுக்கிறதே, அது 'வேலை செய்கிறது' என்பதற்கு அடையாளமில்லை. பீட்டா அலனின் என்ற பொருள் நரம்பு முனையைக் கூசவைக்கிறது, அவ்வளவுதான். அது பலன் தர வேண்டுமானால் தினமும் 3.2 கிராமுக்குக் குறையாமல், குறைந்தது 4 வாரம் எடுக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து உட்பொருள் பட்டியலில் ஒளிந்திருக்கும். 'ஜெரானியம் சாறு' என்றோ டிஎம்ஏஏ, டிஎம்ஹெச்ஏ என்றோ இருந்தால் அந்த டப்பாவைக் குப்பையில் போடுங்கள். இரண்டும் விளையாட்டில் தடைசெய்யப்பட்ட ஊக்கிகள், ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றுபவை. 'புரோப்ரைட்டரி பிளெண்ட்' என்று போட்டு அளவுகளை மறைத்திருந்தாலும் வேண்டாம்.

கிரியேட்டின்தான் இந்த ஐந்தில் உங்கள் ஆட்டத்துக்கு உண்மையிலேயே பொருந்துவது. 30 வினாடி ரெய்டு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ரெய்டு என்று திரும்பத் திரும்ப வெடித்துப் பாயும் ஆட்டத்தில், தசையில் உடனடி ஆற்றலை மீட்டுத் தருவது அதன் வேலை. காயத்துக்குப் பின் பலப் பயிற்சி செய்யும்போது வலு திரும்பவும் அது கைகொடுக்கலாம். ஆனால் கவரில் போட்டுக் கொடுத்ததை எறிந்துவிடுங்கள். வெள்ளையாக இருக்கிற எல்லாமும் கிரியேட்டின் இல்லை. சீல் உடையாத, கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்று மட்டும் எழுதிய, வேறெதுவும் கலக்காத டப்பா போதும். விலை உயர்ந்த 'ஹெச்சிஎல்', 'எத்தில் எஸ்டர்' வகைகள் இதைவிட மேலானவை என்று யாரும் நிரூபிக்கவில்லை. நாளுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும், சாப்பாட்டோடு. 250 கிராம் டப்பா 50 நாளைக்குக் குறையாமல் வரும். முதல் வாரம் 20 கிராம் 'லோடிங்' தேவையில்லை. தினம் 3 கிராம் எடுத்தாலும் நாலு வாரத்தில் தசை நிறைந்துவிடும், வயிறும் கெடாது. தண்ணீரில் கலந்ததும் குடித்துவிடுங்கள், கலந்து வைத்தால் மெல்லச் சிதைந்து பயனற்ற கிரியேட்டினினாக மாறும்.

இரண்டு எச்சரிக்கை. தசைக்குள் தண்ணீர் கூடுவதால் எடை ஒன்றிலிருந்து இரண்டு கிலோ ஏறும். எடைப் பிரிவுப் போட்டியில் விளிம்பில் நிற்கிறவர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். எடை போடும் முந்தைய நாள் தண்ணீர் குடிக்காமல் வியர்த்து இறக்குவது பின்தொடைக்கும் கெடுதல், இதயத்துக்கும் கெடுதல். அடுத்தது, தொடங்குவதற்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினின், சர்க்கரை இரண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ரத்த அழுத்தமும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் எடுக்கக்கூடாது. எடுக்கத் தொடங்கிய பின் வேறு காரணத்துக்காக ரத்தப் பரிசோதனை செய்தால் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதே ரத்தப் பரிசோதனையோடு ஹீமோகுளோபினையும் வைட்டமின் டியையும் பார்த்துவிடலாம். கடற்கரையில் இருக்கிறோம், வெயிலுக்குக் குறைவில்லை என்று நினைக்க வேண்டாம். விடியலிலும் மாலை சாய்ந்தும் மட்டும் வெளியே வருகிறவர்களுக்குக் குறைவு இருக்கக்கூடும். வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒன்று என எழுதித் தருவார். வாரம் ஒன்றை தினம் ஒன்றாக எடுத்து ரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனையில் சேர்கிறவர்கள் உண்டு, சீட்டைக் கவனமாகப் படியுங்கள். இரும்பு மாத்திரையைப் பரிசோதிக்காமல் எடுக்காதீர்கள். சாப்பிட்டதும் டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தாலே சாப்பாட்டிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

வியர்வை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் பக்கத்துப் புழுக்கத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 66 கிலோ 64.8 ஆனால் 1.2 கிலோ போயிருக்கிறது. எடையில் 2 சதவீதம், அதாவது 1.3 கிலோ குறைந்தாலே வேகமும் கவனமும் தளரும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், அடுத்த சில மணி நேரத்தில் சிறிது சிறிதாக, உப்போடு குடியுங்கள். ஒரு லிட்டர் மோரில் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, அதனால் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் குடிக்கலாம். பதநீர் உடம்புக்கு வேண்டிய சர்க்கரையைத் தரும், பயிற்சிக்குப் பிறகு ஒரு டம்ளர். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதே, அதுவே போதாதா என்று நினைக்காதீர்கள், அதில் என்ன உப்பு எவ்வளவு என்று யாரும் அளந்து வைக்கவில்லை.

ஊசிக்கு வருகிறேன். இதில் தயவுசெய்து பிடிவாதமாக இருங்கள். போட்டியன்று போடப்படும் ஊசி நாலில் ஒன்றாக இருக்கலாம். வலி மருந்தான டைக்ளோஃபெனாக் விளையாட்டு ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் வலி மட்டும் மறையும், கிழிவு அப்படியே இருக்கும். பாதி ஆறிய சதை முழுதாகக் கிழிந்தால் ஒரு சீசன் போய்விடும். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த மருந்து சிறுநீரகத்தையும் தாக்கும். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசி என்றால், எந்த இடத்தில் போட்டாலும், 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. டிரமடால் என்ற கடும் வலி மருந்து 2024 முதல் போட்டிக் காலத்தில் தடை. நாலாவது, மெஃபென்டர்மின். அறுவைச் சிகிச்சை மேசையில் ரத்த அழுத்தம் விழும்போது தூக்கிப்பிடிக்கப் போடும் மருந்து அது. ஜிம்மில் 'ஸ்டாமினா ஊசி' என்று கைமாறுவது பெரும்பாலும் இதுதான். வெயிலில் ஓடும் 19 வயது இதயத்துக்கு இதைப் போடுவது உயிரோடு விளையாடுவது. இதுவும் தடை செய்யப்பட்டதுதான்.

மாவட்டப் போட்டியில் யார் சோதிக்கப் போகிறார்கள் என்று கேட்பார்கள். மாநில அணிக்கோ கேலோ இந்தியாவுக்கோ தேர்வானால் நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) அதிகாரிகள் சிறுநீர் மாதிரி கேட்பார்கள். சதை ஏற்றப் போடும் நாண்ட்ரோலோன் போன்ற ஸ்டீராய்டின் தடயம் பல மாதம் கழித்தும் அகப்படும். டப்பாவில் கலப்படம், எனக்குத் தெரியாது, அண்ணன்தான் கொடுத்தார் என்று சொன்னாலும் பொறுப்பு உங்களுடையதே. முதல் தடவையிலேயே 4 ஆண்டு வரை தடை வரலாம். சாதாரண இருமல் சிரப்பிலும் சிக்கல் உண்டு. கடையில் கேட்டால் கொடுக்கும் பல சிரப்புகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது, அது எப்போதும் தடையிலுள்ள பொருள். மருந்து வாங்குமுன் நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் பெயரைப் போட்டுப் பாருங்கள். மருத்துவரிடம் 'நான் போட்டி விளையாடுகிறேன்' என்று முதலிலேயே சொல்லுங்கள். சத்துப் பவுடரில் 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' முத்திரை இருந்தால் அந்த அமைப்பின் தளத்தில் உங்கள் டப்பாவின் பேட்ச் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம், பேட்ச் எண் ஒத்துப்போக வேண்டும்.

மிச்சம் இருப்பது காலுக்கான வேலை. எலும்பில் கோளாறு இல்லை என்று உறுதியானதும் தொடங்குங்கள். பத்துக்கு மூன்றுக்கு மேல் வலி வரக்கூடாது என்பது எல்லாவற்றுக்கும் அளவு. மல்லாந்து படுத்து, காயமான தொடையைச் செங்குத்தாகத் தூக்கி இரு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மெதுவாக நீட்டுங்கள். வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே நிறுத்தி மடக்குங்கள். 12 தடவை, மூன்று சுற்று, காலை மாலை இரண்டு வேளை. கூடவே, முழங்காலை மடித்துப் படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சி, 10 வீதம் மூன்று சுற்று. அது எளிதானதும் ஒற்றைக் காலில். சதையை வெறுமனே இழுத்துப் பிடித்து நிற்பதைவிட, நீளும்போதே பாரம் தாங்கப் பழக்குவதுதான் பின்தொடையைத் திரும்பக் கிழியாமல் காக்கும். மெதுவோட்டம் வலியில்லாமல் வந்த பிறகு நார்டிக் பயிற்சிக்குப் போகலாம். முழங்காலிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னே சாய்வது அது. வாரம் ஒரு நாள் ஐந்து ஐந்தாக இரண்டு சுற்றில் தொடங்குங்கள். முதல் நாளே பத்து செய்தால் மறுநாள் நடக்க முடியாது.

ஓட்டத்தைக் கெட்டித் தரையில் தொடங்குங்கள். இளமணலில் கால் புதையும்போது ஒவ்வோர் எட்டுக்கும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும், ஆறும் சதைக்கு அது அதிகம். முதலில் 40 மீட்டர் பாதி வேகத்தில் ஆறு தடவை. மறுநாள் காலையில் வலியோ இறுக்கமோ இல்லையென்றால் அடுத்த முறை முக்கால் வேகம். ஒவ்வொரு படிக்கும் இடையில் ஒரு நாள் விடுங்கள்.

போட்டிக்கு முன் தேற வேண்டிய சோதனைகள் இவை. அழுத்தினால் வலி இல்லை. மல்லாந்து காலை நேராகத் தூக்கினால் இரண்டு காலும் ஒரே உயரம் போகிறது. ஒற்றைக் கால் இடுப்புத் தூக்கலில் இரண்டு பக்கமும் எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம். முழு வேகத்தில் 40 மீட்டர் ஆறு தடவை, தயக்கமில்லாமல். கடைசியாக, உங்களைக் காயப்படுத்திய அதே அசைவு: ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, நடுக்கோட்டுக்குக் கை நீட்டிப் பாய்வது. முதலில் பாதிப் பலத்தில், பிறகு முழுப் பலத்தில், வேறு வேறு மூன்று நாளில். ஊசியோ வலி மாத்திரையோ இல்லாமல் இவை எல்லாம் முடிந்தால் ஆடுங்கள். ஒன்று தவறினாலும் இந்தப் போட்டியை விட்டுவிட்டு, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுங்கள். பயிற்சியாளர் அழுத்தம் கொடுத்தால் இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.

திருப்பிக் கொடுக்க முடிகிற டப்பாவை இந்த வாரமே கொடுத்துவிட்டு, வருகிற காசில் முட்டையும் கடலையும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் 7,400 ரூபாய்க் கணக்கையும் சொல்லிவிடுங்கள் தம்பி. வள்ளத்தில் வருகிற மீனில் உங்களுக்கு நாளுக்கு எத்தனை துண்டு தேவை என்பது அவருக்கும் தெரிய வேண்டும்.